கடலை மெஷினும் கலைமதியின் பிரெஞ்சும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைமதி டீச்சரால் எனக்கு ஒன்றரை ரீம் காகிதம் வீணாகியிருக்கிறது. ஒரு நல்ல வாடிக்கையாளர் கைநழுவிப் போகப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டை நான் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பிட்டிருக்கிறேன். இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் பற்றி எழுதுகிறேன். ஆகவே இடையில் எங்காவது புகழ்ந்துவிட்டேன் என்றால் அதை நம்பலாம்.

என் பெயர் பிரிட்டோ. தென்னூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று ஊரில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். கடையில் ஒரு மேஜை சும்மா கிடந்தது. அதை நான்கு வருடத்துக்கு முன் கலைமதி டீச்சர் எடுத்துக்கொண்டார். வாசலில் 'பிரெஞ்சு மொழிபெயர்ப்பு செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு மாட்டினோம். முதல் மூன்று மாதம் அதைப் பார்த்து உள்ளே வந்தவர்கள் எல்லாம் பாண்டிச்சேரிக்கு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. லால்குடிப் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கல்லூரியில் சேர வந்த அன்று பஸ் தாமதமாகி, அப்பாவும் மகளும் போய் நின்றபோது மொழிப்பாடத்தில் தமிழ்ப் பிரிவு நிறைந்துவிட்டது. "ஹிந்தியா, பிரெஞ்சா?" என்று கேட்டிருக்கிறார் அட்மிஷன் மேஜையில் இருந்தவர். ஹிந்தி படித்தால் மகளை வடக்கே வேலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்த அப்பா, "ரெண்டாவதா சொன்னீங்களே, அதையே போடுங்க" என்றாராம். பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் பிரெஞ்சு எடுப்பவர்கள் மார்க் அள்ளுவதற்காக எடுப்பார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அத்தனையும் மறந்துவிடும், மறக்காவிட்டால்தான் ஆச்சரியம். கூடப் படித்தவர்களெல்லாம் கான்வென்டில் ஐந்து வருடம் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவர்கள். இவருக்கு முதல் டெஸ்டில் நான்கு மார்க். வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளச் சொன்ன மேடத்திடம் இவர் சொன்ன பதிலை நான் பலமுறை கேட்டுவிட்டேன். "நாலு வாங்கியாச்சுல்ல மேடம். இன்னும் தொண்ணூத்தாறுதானே." பட்டம் வாங்கும்போது அந்தப் பாடத்தில் முதல் மார்க் இவர்தான். அதன்பிறகு பதினாறு வருடம் ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன். அந்தப் பிள்ளைகளும் மார்க் வாங்கினார்கள், மறந்தார்கள். "என்கிட்ட படிச்சதுல ஒருத்தராவது அதை எதுக்காச்சும் பயன்படுத்துறாங்களா பிரிட்டோ?" என்று ஒருநாள் கேட்டார். அந்த ஆற்றாமையில்தான், டியூஷன் நேரம் போக, என் மேஜைக்கு வந்தார்.

இன்னொரு விஷயம் உண்டு. இத்தனை படித்த டீச்சர் பிரெஞ்சில் பேச மாட்டார். பேசுவதற்கு ஆளே இல்லையே என்பார். ஆனால் அது முழு உண்மை இல்லை. ராஜகோபுரத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் கும்பலாக நின்று பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தால் இவர் எதிர்ச்சாரிக்குத் தாண்டிப் போய்விடுவார். நானே பார்த்திருக்கிறேன். கிண்டல் செய்தபோது, "எழுத்துல தப்பு வந்தா அழிச்சுக்கலாம். வாயில வந்துட்டா எதைக் கொண்டு அழிக்கிறது?" என்றார்.

அவருடைய அண்ணன் வீரமலை சில நாள் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழக்கடையில் இருக்கிறார். நல்ல மனிதர். டீ கொடுத்தால் இடது கையால் வாங்குவார். வண்டியை விட்டு இறங்கியதும் வலது கை தோள்துண்டின் நுனிக்குள் போய்விடும். நான் ஏன் என்று கேட்டதில்லை.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை முருகானந்தம் வந்தார். அரியமங்கலத்தில் நிலக்கடலை உடைக்கும் மெஷின் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டிலிருந்து நாற்பது மெஷினுக்கு ஆர்டர் வந்திருந்தது. அங்கே பிரெஞ்சு. அவரே ஆங்கிலத்தில் எழுதிய பன்னிரண்டு பக்க மேனுவலை மேஜையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை கன்டெய்னர்ல ஏத்தணும் டீச்சர். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு புத்தகம் இருக்கணும். இது நல்லபடியா முடிஞ்சா என் மத்த மெஷின் எல்லாத்துக்கும் நீங்கதான், அச்சடிக்கிறது பிரிட்டோதான்."

டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசிப் பக்கத்துல மொழிபெயர்ப்புன்னு என் பேரு வருமா?"

"அதுக்கென்ன, தாராளமா வரட்டும்."

அவர் போன பிறகு டீச்சர் அந்த மேனுவலை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் ஒரு சொல்லை மட்டும் வட்டம் போட ஆரம்பித்தார். அந்தச் சொல் 'ரன்'. பன்னிரண்டு பக்கத்தில் இருபத்து மூன்று இடத்தில் இருந்தது. முருகானந்தம் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் மனிதர். மெஷினில் எது ஓடினாலும், எதை ஓட்டினாலும், ஓட விட்டாலும் அவருக்கு ரன்தான். மோட்டார் ரன் ஆகும். பெல்ட்டை சக்கரத்தின் மேல் ரன் செய்ய வேண்டும். வயர் சுவரோரமாக ரன் ஆக வேண்டும். எண்ணெய் ரன் அவுட் ஆகக் கூடாது. சல்லடையைக் கழுவத் தண்ணீரை ரன் பண்ண வேண்டும். புது மெஷினைக் கடலை போடாமல் பத்து நிமிஷம் ரன் செய்ய வேண்டும். ஆறாம் பக்கத்தில், டிரம்மைக் கையால் ரன் செய்து, சல்லடை மேல் கையை ரன் செய்து பார்க்க வேண்டும்.

"இருபத்து மூணு ரன்னா? ஒரு ஓவர்ல அடிச்சிரலாமே டீச்சர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் போனை எடுத்து அந்த ஆறாம் பக்க வரியைத் தட்டினேன். கண் இமைக்கும் நேரத்தில் பிரெஞ்சு வந்தது. பெருமையாகக் காட்டினேன். டீச்சர் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல டிரம்மை இயக்குன்னு இருக்கு. சுவிட்சைப் போடுன்னுதான் ஒருத்தன் நினைப்பான். அடுத்த வரியில கையை உள்ள விடச் சொல்லுது."

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் வேலை செய்யும் முறை எனக்குப் பழக்கம் என்றாலும் இதுவரை இவ்வளவு தூரம் போனதில்லை. வீட்டில் கிழிக்கிற தினசரி காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்திருப்பார். ஒரு தாளின் பின்பக்கம் ஒரு வாக்கியம். அதன்கீழே முதலில் தமிழில், அந்த இடத்தில் யார் எதை என்ன செய்கிறார்கள் என்று எழுதுவார். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்த பிறகுதான் பிரெஞ்சு. ஆங்கிலத்திலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குப் போக மாட்டார். "இங்கிலீஷ்ல ஒரே பாத்திரத்துல எல்லாத்தையும் கொட்டி வச்சிருவாங்க. நம்ம கிட்டயும் அவங்க கிட்டயும் தனித்தனிப் பாத்திரம் இருக்கு" என்பார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மேஜை முழுக்க நல்ல நேரமும் ராகுகாலமும் பரவிக் கிடந்தன. பிரெஞ்சில் மனிதன் ஓடுவதற்கு 'கூரீர்' என்று ஒரு சொல் இருக்கிறதாம். இருபத்து மூன்றில் ஒரு இடத்தில்கூட அது வரவில்லை. தண்ணீர் ஓடுவதற்கு 'கூலே'. பெல்ட்டை மாட்டுவதற்கும் கையால் தடவிப் பார்ப்பதற்கும் 'பாஸே'. வயர் சுவரோரம் ஓடுவதற்கு 'லோன்ஷே'. எண்ணெய் தீர்ந்துபோவதற்கு ஓட்டமே கிடையாது, இல்லாமல் போய்விட்டது என்று சொன்னால் போதும். டிரம்மைச் சுற்றுவதற்கு 'தூர்னே'. மெஷின் ஓடுகிறது என்பதற்கு 'மார்ஷே'. அதற்கு நடப்பது என்றும் பொருளாம்.

"நம்ம ஊர்ல ஓடுற மெஷின் அங்க போனா நடக்குமா?" என்றேன்.

"நடந்தாலும் வேலை முடியுதுல்ல? நீங்க உக்காந்த இடத்துலயே இருக்கீங்களே" என்றார்.

செவ்வாய்க்கிழமைக்குள் பதினேழு தாள்கள் முடிந்தன. நான் டைப் செய்து, முடிந்த பக்கங்களை அச்சடிக்கவும் தொடங்கிவிட்டேன். மீதி ஆறு தாள்களை அவர் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் நான் பார்க்கணும்" என்றார்.

"என்னத்தப் பார்க்கணும்?"

"அந்தக் கை எங்க இருக்கு, என்ன பண்ணுதுன்னு. பார்க்காததை எழுத மாட்டேன்."

புதன்கிழமை காலை என் வண்டியிலேயே அரியமங்கலம் போனோம். பட்டறையில் தமிழ்மணி என்ற ஃபிட்டர் இருந்தார். இருபது வருடமாக அந்த மெஷினை மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. டீச்சர் ஒரு ஸ்டூலைப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துகாட்டச் சொன்னார். அவரும் புது மாப்பிள்ளையைப் போலக் கூச்சப்பட்டுக்கொண்டே செய்தார். ஆறாம் பக்கம் வந்தது.

"டிரம்மைக் கையால சுத்திப் பார்த்து, சல்லடையில தோல் அடைச்சிருக்கான்னு தடவிப் பார்க்குறது. இதைச் செய்ங்க."

தமிழ்மணி எழுந்து சுவரருகே போனார். போர்டிலிருந்து ஃபியூஸ் கேரியர் மூன்றையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து டிரம்மைக் கையால் சுற்றினார். உள்ளே கை விட்டுச் சல்லடையைத் தடவினார்.

"நிறுத்துங்க. போர்டுல இருந்து எதை எடுத்தீங்க?"

"ஃபியூஸுங்க. நாம உள்ள கை விட்டிருக்கும்போது எவனாவது வந்து தெரியாம சுவிட்சைப் போட்டுட்டா? பையில ஃபியூஸ் இருந்தா எந்த மகராசன் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. இந்தப் பட்டறையில யாரா இருந்தாலும் இப்படித்தாங்க."

டீச்சர் மேனுவலைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "இது புத்தகத்துல எங்க இருக்கு?"

தமிழ்மணி சிரித்தார். "இதையெல்லாமா எழுதுவாங்க? பச்சைப் புள்ளைக்கும் தெரியுமேங்க."

"எங்க அண்ணனுக்குத் தெரியலையே" என்றார் டீச்சர்.

பட்டறைச் சத்தத்திலும் அது எனக்கு நன்றாகக் கேட்டது. வீரமலைக்குப் பத்தொன்பது வயதில் ஊரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கி வந்திருந்தார்கள். கூடவே வந்த புத்தகம் யாருக்கும் தெரியாத பாஷையில் இருந்ததால் அதைக் கிழித்து வடை மடிக்கக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வலது கையில் இரண்டு விரல் போனது. டீச்சர் அப்போது பள்ளிக்கூடம். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தாளின் மூலையை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தார். நான்கு வருடமாக அந்த மனிதருக்கு டீ கொடுத்திருக்கிறேன்.

அங்கேயே ஒரு காலண்டர் தாளை எடுத்து, இருபத்து நான்காவதாக அவரே ஒரு வாக்கியம் எழுதினார். 'ஃபியூஸைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன்பிறகு கை வையுங்கள்.' இதில் ரன்னும் இல்லை, எந்த ஓட்டமும் இல்லை.

பட்டறையை ஒட்டிய அறையில் இருந்த முருகானந்தம் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

"டீச்சர், நீங்க மொழிபெயர்க்க வந்தீங்களா, புத்தகம் எழுத வந்தீங்களா? இந்த இங்கிலீஷ் மேனுவலை வாங்குறவங்களோட ஏஜென்ட்டு படிச்சு ஒத்துக்கிட்டாச்சு. அதுல இல்லாததை பிரெஞ்சுல சேர்த்தா ரெண்டும் ரெண்டு விதமா இருக்கும். நாளைக்கு ஏதாச்சும் பிரச்சனைன்னா யாரு பதில் சொல்றது?"

"சேர்க்கலைன்னா யாரு பதில் சொல்றது?"

"இருக்கறதை இருக்கற மாதிரி குடுங்க. இல்லைன்னா மெட்ராஸ்ல ஆள் இருக்கு, மெயில் அனுப்பினா நாளைக்கு வந்துரும்."

"அப்ப என் பேரை எடுத்துருங்க" என்றார் டீச்சர். "ஆனா அந்த ஆறாம் பக்கத்தை நான் தர மாட்டேன்."

முருகானந்தம் என்னைப் பார்த்தார். "பிரிட்டோ, ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு?"

உண்மையைச் சொல்கிறேன். ஃபைல் என்னிடம்தான் இருந்தது. இருபத்து மூன்றும் முடிந்தாற்போலத்தான், மீதி ஐந்தாறு வரியை யாராவது நிரப்பினால் போதும். வருடம் முழுக்க வரப்போகிற வேலை என் கண் முன்னால் நின்றது. போன் மொழிபெயர்ப்பும் பையில்தான் இருந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. கெஞ்சியிருந்தால் கோபப்பட்டு ஃபைலைக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் பாட்டுக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஃபைல் டீச்சரோடதுங்க. எங்கிட்ட இருக்குறது கம்ப்யூட்டர் மட்டும்தான்" என்று என் வாய் சொன்னது. சொல்லிவிட்டு என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

முருகானந்தம் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "சரி. வாங்குறவரே சரின்னு சொல்லட்டும், சேர்த்துக்கறேன். ஏஜென்ட்டு ஊர்ல இல்லை. நேரா நீங்களே பேசுங்க. உஸ்மான்னு பேரு. ஆனா ஒண்ணு, அவருக்கு இங்கிலீஷ் வராது."

டீச்சரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ராஜகோபுரத்துக்கு எதிர்ச்சாரியில் தாண்டிப் போகிற அதே முகம்.

"எழுதி அனுப்பலாமே" என்றேன், காப்பாற்றுகிற எண்ணத்தில்.

"எழுதினா எப்பப் படிப்பாரு, எப்பப் பதில் போடுவாரு? நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நம்பரைப் போடுங்க."

வாட்ஸப்பில் போட்டுக் கொடுத்தார் முருகானந்தம். அங்கே காலை ஏழு மணி இருக்கும். மறுமுனையில் ஒரு கனத்த குரல் கேட்டது. டீச்சர் வணக்கம் சொன்னார், பெயர் சொன்னார், ஊர் சொன்னார். அந்த மனிதர் மடமடவென்று என்னவோ கொட்டினார். டீச்சருக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடி கொட்டினார். மறுபடி புரியவில்லை. டீச்சரின் காதோரம் வேர்வை இறங்கியது. தமிழ்மணி கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இருபது வருடப் படிப்பு இப்படி நாலு பேருக்கு முன்னால் சந்தி சிரிக்கிறதே என்று எனக்கு ஆகிவிட்டது. மூன்றாவது தடவை டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "லாந்த்மான்" என்றார். மெதுவாக என்று அர்த்தம் என்று பிறகு சொன்னார்.

மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு குரல் நிதானமாயிற்று. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேச ஆரம்பித்தது. டீச்சரும் ஒவ்வொரு சொல்லாக வைத்தார். நடுவில் டீச்சர் என்னவோ கேட்டார், அவர் பதில் சொன்னார், டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார்.

"என்னங்க?" என்றார் முருகானந்தம்.

"வீட்டுல அவங்க வேற பாஷைதான் பேசுவாங்களாம். பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சதாம் அவருக்கும்."

அதற்குமேல் டீச்சரை நிறுத்த முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் காலண்டர் தாளும் மறுகையில் போனுமாக ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, புரிகிறதா, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். ஆறாம் பக்கத்துக்கு வந்து ஃபியூஸைப் பற்றிச் சொன்னார். மறுமுனை நீளமாக ஏதோ சொன்னது. டீச்சர் போனைக் கையால் பொத்திக்கொண்டு முருகானந்தத்தைப் பார்த்தார்.

"சார், மெஷினை மோட்டாரோடயா அனுப்புறீங்க?"

"இல்லையே. மோட்டார் வேணாம்னு ஆர்டர்லயே போட்டிருக்காங்க. அங்கேயே வாங்கி மாட்டிக்குவாங்க."

"மோட்டாரே மாட்டப் போறதில்லையாம். அந்த ஊர்கள்ல கரண்ட் கிடையாதாம். டீசல் எஞ்சின்ல பெல்ட் போட்டு ஓட்டப் போறாங்களாம். எந்த ஃபியூஸைக் கழட்டச் சொல்றீங்கன்னு கேக்குறாரு."

முருகானந்தம் மேனுவலை எடுத்துப் பார்த்தார். மோட்டார், வயர், சுவிட்ச் என்று இரண்டரைப் பக்கம். அரியமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு மெஷின் என்றால் கரண்ட் என்று எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் படித்துச் சரி என்று சொன்ன ஏஜென்ட்டும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. டீச்சரின் இருபத்து நான்காவது வரியும் அங்கே உதவாது. அவர் முகத்தில் ஒரு கணம் வந்த வருத்தத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"எஞ்சினை நிறுத்திட்டுக் கை வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"நிறுத்துவாங்க. பின்னாடியே இன்னொருத்தர் வந்து ஹேண்டிலைப் போட்டு ஸ்டார்ட் பண்ணா?" என்றார் டீச்சர்.

வாசலில் நின்ற தமிழ்மணிதான் பேசினார்.

"பெல்ட்டைக் கழட்டித் தோள்ல போட்டுக்கச் சொல்லுங்க. பெல்ட் நம்ம தோள்ல கெடக்குற வரைக்கும் எஞ்சின் எப்படி ஓடுனா நமக்கென்ன?"

டீச்சர் போனிலிருந்து கையை எடுத்தார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்தான், பெல்ட்டுக்கான 'கூருவா'. மறுமுனையிலிருந்து 'வுய், வுய், வுய்' என்று மூன்று தடவை வந்தது. அது ஆமாம் என்பது எனக்கே தெரியும்.

முருகானந்தம் ரோஷக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை. போனை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, "அந்த ரெண்டரைப் பக்கத்தைத் தூக்கிருவோம். எஞ்சினுக்கு என்ன எழுதணுமோ தமிழ்மணி செஞ்சு காட்டுவாரு. வெள்ளிக்கிழமை காலையில வேணும் டீச்சர்" என்றார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "இங்கிலீஷையும் நீங்களே மாத்திக் குடுத்துருங்க."

புதன் மத்தியானமும் வியாழன் முழுவதும் வேலை. டீசல் எஞ்சின் ஒன்றைப் பக்கத்துப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிப் பூட்டி, தமிழ்மணி ஒவ்வொன்றாகச் செய்தார். டீச்சர் பார்த்தார், எழுதினார், சந்தேகம் வந்தபோதெல்லாம் போனை எடுத்து உஸ்மானிடம் கேட்டார். தப்பாகப் பேசினார், அவர் திருத்தினார், இவர் மறுபடி பேசினார். அழிக்க முடியாத அந்தத் தப்புகளால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் முதலில் அச்சடித்து வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. முதலிலேயே சொன்ன ஒன்றரை ரீம் அதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாற்பது புத்தகங்களும் பெட்டிக்குள் போயின. ஆறாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி, பெல்ட்டைத் தோளில் போடச் சொல்லும் அந்த வரி. கடைசிப் பக்கத்தில், 'மொழிபெயர்ப்பு: கலைமதி, ஸ்ரீரங்கம்'. பெயரைச் சின்ன எழுத்தில் போடட்டுமா, பெரிய எழுத்தில் போடட்டுமா என்று கேட்டேன். "பேரு எப்படி வேணா இருக்கட்டும். கட்டத்துக்குள்ள இருக்குறதை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்றார்.

அதன்பிறகு டீச்சர் டியூஷனை விடவில்லை. ஆனால் பிள்ளைகளை இப்போது பேச வைக்கிறார். மார்க் குறைந்துவிடும் என்று சில பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள், டீச்சர் மாறவில்லை. போன மாதம் ராஜகோபுர வாசலில் ஒரு பிரெஞ்சுக் கிழவரையும் மனைவியையும் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள் என்று கேள்வி.

ஐப்பசியில் ஒரு மழை நாள். வீரமலை தங்கையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மழை நிற்கட்டும் என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தார். டீச்சரின் போனில் உஸ்மானிடமிருந்து ஒரு படம் வந்தது. செம்மண் தரை, தகரக் கூரை, எங்கள் அரியமங்கலத்து மெஷின். பக்கத்தில் ஒரு வாலிபர், தோளில் பெல்ட்டை மாலையாகப் போட்டுக்கொண்டு, சல்லடையைச் சுத்தம் செய்துவிட்டு இரண்டு கையிலும் கடலைத் தோலை அள்ளிக் காட்டிச் சிரிக்கிறார். நான் எட்டிப் பார்த்து, பெயின்ட் அதற்குள் போய்விட்டதே என்றேன்.

டீச்சர் மெஷினைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அந்த வாலிபரின் கைகளுக்குக் கொண்டுபோனார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு கையை முடித்து அடுத்த கைக்குப் போனார். பிறகு எழுந்து போனை அண்ணனிடம் நீட்டினார். வீரமலை துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, மூன்று விரலால் அதை வாங்கிக்கொண்டார்.

"பத்தும் இருக்குண்ணே" என்றார் டீச்சர்.